வால்ரஸ் முனையின் ஐந்து பெண் கரடிகள்

நுவுக்
3 செப்டம்பர் 2013

ஆய்வுக்கூடத்து அம்மையார் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுதத் தொடங்கிய கையை நிறுத்திவிட்டு இப்படி எழுதுகிறேன். முப்பத்தோரு வருடமாக உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். என் அண்ணன் துலுகாக் கடல்பனி உடைந்து உள்ளே போன அதே குளிர்காலத்தில் நீங்கள் பிறந்தீர்கள். உங்கள் அம்மா லியா அவன் பெயரை உங்களுக்கு வைத்தாள். பெயர் வந்தால் ஆளும் வந்தாயிற்று. அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அண்ணன், நான் உங்களுக்குத் தம்பி. நாலு வயதில் என் வீட்டுக்குள் வந்து, "தம்பி, டீ போடு. சக்கர நெறைய போடு" என்று அதிகாரம் செய்தீர்கள். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. எழுந்துபோய்ப் போட்டேன். ஊரில் யாரும் சிரிக்கவில்லை. தெற்கிலிருந்து வந்திருந்த பள்ளிக்கூட ஆசிரியர் மட்டும் சிரித்தார்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடக் கூடத்தில் உங்கள் அறிக்கையை வாசித்தார்கள். என் காதுகளைத் துப்பாக்கியும் பனிவண்டியும் தின்று பல வருடம் ஆகிவிட்டது. நாபாச்சிதான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை அட்டையில் எழுதிக் காட்டினாள். முதலில், "அண்ணன் பேரு மொதல்ல இருக்கு" என்று எழுதினாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, கூடத்தில் இருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். அடுத்து அவள் எழுதியதை வாசித்தபோது என் மனைவிக்கு எழுத்து மறந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

நம் கரையில் ஏழு பெண் பனிக்கரடிகளின் ரோமத்தைப் பார்த்தீர்களாம். அதில் ஐந்துக்குத் தாங்க முடியாத உளைச்சலாம். கரு தங்கிய அடையாளமே இல்லையாம். ஆகவே, நம் ஊருக்கு வருடத்துக்குப் பன்னிரண்டாக இருந்த கரடி வேட்டைச் சீட்டு இனிமேல் ஐந்து. நவம்பர் இருபதாம் தேதி வனவிலங்கு வாரியம் கூடி முடிவு செய்துவிட்டால் ஐந்து வருடத்துக்கு மாற்ற மாட்டார்கள்.

கரடியின் வயிற்றைப் பற்றி நூறு பேர் முன்னால் சத்தமாகப் பேசினால் அது அதன் காதில் விழாதா? அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு நான் சொல்லித் தரவில்லை, நீங்கள் வளர்ந்த ஊரே சொல்லிற்று. என் அண்ணன் இருந்திருந்தால் இப்படி ஒரு தாளில் பெயர் வைத்திருக்க மாட்டான். அதனால் உங்களை இனி அண்ணா என்று நான் கூப்பிடப் போவதில்லை.

உங்களுக்குக் கரடி ரோம உறைகள் வரும் பெட்டியிலேயே இந்தக் கடிதத்தை வைக்கிறேன். உறைகள் இல்லை. நுவுக்கிலிருந்து இனி ஒரு முடிகூட வராது.

ஐப்பிலிக்

*

வின்னிபெக்
16 செப்டம்பர் 2013

தம்பி ஐப்பிலிக்குக்கு,

நீ என்னை அம்மையார் என்றாலும் சரி, அரசாங்கம் என்றாலும் சரி, நான் தம்பி என்றுதான் எழுதுவேன். பெயர் வைத்தது என் அம்மா. அதைத் திரும்ப வாங்க நீ யார்? அறுபத்து நாலு வயதில் கோபித்துக்கொண்டு காலிப் பெட்டி அனுப்புகிறாய்! உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். நாபாச்சி எப்போதும் ஒளித்துவைக்கும் காய்ந்த மீன் துண்டுகூட இல்லை. அவளையும் உன் கட்சியில் சேர்த்துவிட்டாயா?

ஒரு வருடமாக நான் உனக்கு ஒழுங்காக எழுதவில்லை. அது என் தப்புதான். ஆனால் அறிக்கை தப்பில்லை. இரண்டு வருடமாக இந்த அறையில் உட்கார்ந்து, பதினாறு ஊர்களிலிருந்து வந்த ரோமத்தை என் கையால் கழுவி, உலர்த்தி, மாவாக அரைத்திருக்கிறேன். ஒரு கரடி வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம்வரை என்ன பாடுபட்டது என்பது அதன் ரோமத்துக்குள் தங்கியிருக்கிறது. பசியும் பயமும் வந்தால் உடம்பில் ஊறுகிற கார்ட்டிசால் அதில் இருக்கிறது. கரு தங்கினால் ஊறுவதும் இருக்கிறது. கரடியைச் சுட வேண்டாம், மயக்க வேண்டாம், ஹெலிகாப்டரில் துரத்த வேண்டாம். விழுந்துவிட்ட கரடியிடம் ஒரு பிடி ரோமம் வாங்கிக்கொண்டால் போதும். ஹெலிகாப்டர் வந்த காலத்தில் நீதானே கத்தினாய், "கரடிய ஓட ஓட வெரட்டிட்டு அதுக்குப் படபடப்பா இருக்கான்னு பாக்குறானுங்க!" என்று. அதனால்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

நாம் இரண்டு பேரும் ஐந்து மார்ச் மாதம் ஆராய்ச்சிக்காகக் கரடி விட்டை பொறுக்கினோமே, மறந்துவிட்டாயா? குகை திறந்து தாய்க்கரடி குட்டிகளோடு கடலுக்கு இறங்கியபின், அது போன வழியெல்லாம் நீ முன்னால், நான் பின்னால். நான் கரண்டியால் எடுத்துப் பையில் போட, நீ வண்டியை நிறுத்தி, "அண்ணா, இங்க ஒன்னு! இது நல்ல ஜாதி!" என்று கூவுவாய். அந்தப் பையை உன் வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்ததும், நாபாச்சி கரிபு மான் கறி என்று நினைத்து அதை எடுத்து அடுப்பில் உருக வைத்ததும் நினைவிருக்கிறதா? வீடு முழுக்க நாற்றம். நீ பானக் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "இன்னிக்குக் கொழம்பு ஒரு மாதிரி இருக்கே" என்றாய். அவள் கரண்டியை எறிந்தாள். உன் காதோரத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கும். இங்கே மதியம் எல்லோரும் தனித்தனியாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு அந்த நாற்றம்தான் நினைவுக்கு வருகிறது, ஏக்கமாகவும் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல். ஐந்து பெண் கரடிகளும் ஒரே வாரத்தில், போன நவம்பரில், வால்ரஸ் முனையில் கிடைத்தவை. ரோமத்தைத் தொட்டபோதே தெரிந்தது, அவ்வளவு வறட்சி. அந்த வாரம் அங்கே என்ன நடந்தது? ஐந்தும் ஏன் அப்படி வந்தன? அதைத்தான் இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்.

உன் அண்ணன்,
துலுகாக்

*

நுவுக்
1 அக்டோபர் 2013

துலுகாக்குக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நாபாச்சியையும் வாசிக்கச் சொன்னேன்.

வால்ரஸ் முனையில் அந்த வாரம் ஐந்து கரடி கிடைக்கவில்லை. ஒன்றுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். கடல் அப்போதுதான் உறைந்திருந்தது. நான் முதலில் பார்த்தேன். கரையோரமாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. என் மருமகன் நாத்தார் சுட்டான். முதலில் பார்த்தவன் நான் என்பதால் கரடி என் பெயருக்கு வந்தது. தோலை உரிக்கத் தொடங்குமுன் மற்ற மூன்று வண்டிகளும் வந்து சேர்ந்துவிட்டன. உரிக்குமுன் வந்தவனுக்கெல்லாம் பங்கு உண்டு. "மாமா, எனக்குப் பின்னங்கால்" என்றான் நாத்தார். "ஒனக்கு வாயிதான் பெருசு, காலு எதுக்கு?" என்றார்கள் மற்றவர்கள். சிரித்துக்கொண்டேதான் பங்கு போட்டோம். மெலிந்த கரடி. வயிற்றில் கடற்பாசியைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

அப்புறம் உறை. நீ அனுப்பிய தாளில் முதல் வரியில் "வேட்டைக்காரர் பெயர்" என்று இருக்கிறது. அந்தக் கரடிக்கு ஐந்து வேட்டைக்காரர்கள். அவரவர் பங்கிலிருந்து அவரவர் ரோமம் வெட்டி, அவரவர் பெயர் எழுதி, ஐந்து உறை அனுப்பினோம். ஒருவன் மட்டும் அனுப்பினால் மற்ற நாலு பேரைக் கரடியிடமிருந்து தள்ளிவைத்த மாதிரி ஆகாதா? ஒரு உறைக்கு ஒரு ஃபிளாஸ்க் என்று நீங்கள் பரிசும் வைத்திருந்தீர்கள். அதையும் மறைக்கவில்லை.

தெற்கத்தியான் ஒருவன் இந்த ஐந்தை ஐந்து கரடி என்று எண்ணியிருந்தால், போகட்டும் என்று விட்டிருப்பேன். நீ பங்குக்கறி தின்று வளர்ந்தவள். உன் அம்மா வீட்டில் புருஷன் இல்லாத வருடங்களில் நான் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் என்ன? அது அண்ணனுக்குரிய பங்கு. பங்கு என்றால் என்ன என்று உனக்கு எப்படி மறந்தது?

புயல் வருகிறது. விமானம் எப்போது எடுத்துப்போகுமோ தெரியாது.

ஐப்பிலிக்

*

வின்னிபெக்
14 அக்டோபர் 2013

தம்பி,

ஐந்து உறைகளையும் அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஐந்திலும் ஒரே தேதி. ஐந்திலும் ஒரே முனை. பெயர்கள் மட்டும் வேறு. குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒரே உடம்பில் கழுத்து ரோமம் ஒரு அளவு காட்டும், பின்னங்கால் ரோமம் இன்னொன்று காட்டும். நீங்கள் ஐந்து பேரும் ஐந்து இடத்திலிருந்து வெட்டியிருக்கிறீர்கள். அளவுகள் கொஞ்சம் கொஞ்சம் மாறி வந்ததால் ஐந்து கரடி என்றே நம்பிவிட்டேன். ஆனால் அது சாக்கு. உண்மையான காரணம், நான் பெயர்களைப் பார்க்கவே இல்லை. இங்கே வந்ததும் எண் போட்டுவிடுவார்கள். நாத்தாரின் கோணல் எழுத்தைப் பார்த்திருந்தால் உன் சமையலறை நினைவுக்கு வந்திருக்கும், பங்கு நினைவுக்கு வந்திருக்கும். எண்ணைப் பார்த்தால் எண்தான் நினைவுக்கு வரும். அந்தத் தாளை எழுதியதும் நான்தான். "ஒரு கரடிக்கு ஒரு உறை" என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. என் தலைமை விஞ்ஞானி டாக்டர் ஹால்பெர்க் நல்லவள்தான். ஆனாலும் அந்த அறிக்கையை மூன்று மாநாடுகளில் வாசித்துவிட்டாள். என் பெயர் முதலில் வந்த முதல் அறிக்கை அது. டிசம்பரில் என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இப்போது போய், "எண்ணத் தெரியவில்லை" என்று எப்படிச் சொல்வேன்?

தம்பி, கொஞ்ச நாள் கொடு. ஊரில் யாரிடமும் சொல்லாதே. ரேடியோவில் பேசிவிடாதே. யாருக்கும் காயம் படாமல் திருத்த ஏதாவது வழி தேடுகிறேன். இருபதாம் தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

கடைசி மார்ச்சில் நாம் குகைக்கு எதிரே பனிச்சுவர் கட்டி உட்கார்ந்திருந்தோமே. மூன்று நாள். நான் ஏதோ கேட்டேன், நீ உதட்டில் விரல் வைத்தாய். நாலாம் நாள் காலையில் தாய்க்கரடி மூக்கை மட்டும் வெளியே நீட்டி மோந்து பார்த்தாள். நம் வாசனை பிடித்திருக்கும். ஆனாலும் வெளியே வந்து பனியில் முதுகைப் போட்டு உருண்டாள். அப்புறம் இரண்டு குட்டிகள். நீ அழுதாய். கேட்டால் காற்று என்றாய். அன்றைக்கு ஒரு துளி காற்று இல்லை. எனக்கு அந்த மூன்று நாளைத் திரும்பத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கட்டிடத்தையே கொடுத்துவிடுவேன். ஆனால் யார் தரப் போகிறார்கள்?

துலுகாக்

*

நுவுக்
28 அக்டோபர் 2013

துலுகாக்குக்கு,

சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லவில்லை. நாபாச்சியும் சொல்லவில்லை, அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

கடையில் நாத்தார் என்னைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பேர் முன்னால் என் காதுக்குள் கத்தினான்: "மாமா, ஒங்க அண்ணன் நம்ம அடுப்புல தண்ணிய ஊத்திட்டாளே! படிச்ச அண்ணன்னு பெருமையா பேசுனீங்களே!" நான் மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவன் பையனுக்கு இந்த வருடம் முதல் கரடி கிடைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். பன்னிரண்டு சீட்டென்றால் குலுக்கலில் பெயர் வரலாம். ஐந்தென்றால் வராது. உன் அம்மாவிடம் இரண்டு பேர் பேசுவதில்லை. அதை அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள்.

நேற்றுக் கூட்டம் முடிந்து வரும்போது நாத்தார், "மாமா, நீங்க ஏன் வாயே தொறக்க மாட்டேங்கிறீங்க? ஒங்களுக்குக் காதுதானே போச்சு?" என்று மறுபடி கத்தினான். ஐந்து உறையில் ஒன்றில் அவன் பெயர் இருக்கிறது.

பனிச்சுவரை எதற்கு நினைவுபடுத்தினாய்? நானும் தினமும் நினைக்கிறேன். அந்த நாலாம் நாள் அழுதது உண்மைதான். என் அண்ணனும் நானும் அதே குன்றில் இருபது வயதில் உட்கார்ந்திருக்கிறோம். அவனும் இப்படித்தான், நடுவில் ஏதாவது கேட்பான். நானும் உதட்டில் விரல் வைப்பேன். அவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குன்றில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, நீ வரும்வரை. எனக்கு அண்ணன் இரண்டு தரம் கிடைத்தான்.

இதை மட்டும் சொல்கிறேன். நீ வாய் திறக்காவிட்டாலும் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், உன்னை வெறுக்கவும் மாட்டேன். ஆனால் வாய் மூடியிரு என்று கேட்கும் கடிதத்தில் என்னைத் தம்பி என்று கூப்பிடாதே. அதைத் தாங்க முடியவில்லை.

ஐப்பிலிக்

*

நுவுக்
12 நவம்பர் 2013

அண்ணா,

வாக்குத் தவறிவிட்டேன். நேற்று மதியம் ரேடியோவில் பேசிவிட்டேன்.

காலையில் உன் அம்மா வீட்டுப் பக்கம் போனேன். மூன்று நாளாக அவள் வாசல் பனியை யாரும் தள்ளவில்லை. கதவு பாதி மறைந்திருந்தது. இந்த ஊரில் கைம்பெண் வீட்டுப் பனியைத் தள்ளாமல் விடுவதை என் வயதில் நான் பார்த்ததில்லை. தள்ளி முடித்துவிட்டு, மண்வெட்டியோடு நேராக ரேடியோ அறைக்குப் போனேன்.

"நான் ஐப்பிலிக் பேசுறேன். வால்ரஸ் முனைல கெடச்சது ஒத்தக் கரடிதான். அஞ்சு பேரும் தனித்தனியா அனுப்புங்கடான்னு சொன்னது நான். ஃபிளாஸ்க் மேல ஆச. துலுகாக் மேல தப்பில்ல. அவ அஞ்சு உறைய எண்ணினா, அஞ்சு இருந்துச்சு. அண்ணன் சரியாத்தான் எண்ணினா. தம்பிதான் திருட்டுப் பய" என்றேன். ஆட்கள் போன் போட்டுப் பேசினார்களாம். எனக்கு ஒன்றும் கேட்காது, நாபாச்சி அட்டையில் எழுதிக்கொண்டே இருந்தாள். "ஒரு ஃபிளாஸ்குக்கா ஏழு சீட்ட வித்த?" என்று ஒருத்தி. "டீ சூடா இருக்கா?" என்று இன்னொருத்தன். நாத்தார் போன் போட்டு, நானும்தான் உறை அனுப்பினேன், மாமாவை மட்டும் திட்டாதீர்கள் என்றானாம். அதை நாபாச்சி பெரிய எழுத்தில் எழுதினாள்.

வேட்டைக்காரர் சங்கத் தலைவர் எல்லாவற்றையும் தாளில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, வாரியத்துக்கு அனுப்பிவிட்டார். உன்னை யாராவது கேட்டால், ஊர்க்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள், எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடு. வேலை போகாது. இன்றைக்கு உன் அம்மா வாசலில் நாலு பேர் பனி தள்ளுகிறார்கள், தள்ள அங்கே பனியே இல்லை.

உன் தம்பி,
ஐப்பிலிக்

*

வின்னிபெக்
13 நவம்பர் 2013

ஐப்பிலிக்,

தம்பி என்று எழுதலாமா என்று தெரியவில்லை. கடிதத்தின் முடிவில் நீயே சொல்.

உன் அக்டோபர் கடைசிக் கடிதம் வந்த அன்றே டாக்டர் ஹால்பெர்க் அறைக்குப் போனேன். கதவைத் தட்டுமுன் இரண்டு தரம் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் ஐந்து உறைகளையும் அவள் மேசைமேல் வைத்து, "இது எல்லாம் ஒரே கரடி" என்றேன். அவள் ஒவ்வொரு உறையாகத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள். அதுதான் கஷ்டமான கேள்வி. "மூணு வாரமா தெரியும்" என்றேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் வேலை தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வாரியத்துக்கு நானே எழுதிவிட்டேன். தாளை எழுதியது நான், சரிபார்க்காதது நான், தெரிந்தும் மூன்று வாரம் மறைத்தது நான். நுவுக் வேட்டைக்காரர்கள் தங்கள் வழக்கப்படி, நான் கேட்டதைச் சரியாக அனுப்பினார்கள், அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதி, பங்கு என்றால் என்ன என்பதையும் ஒரு பக்கம் விளக்கியிருக்கிறேன். அறிக்கையைத் திரும்பப் பெறுகிறார்கள். டிசம்பர் கடைசியோடு எனக்கு வேலை இல்லை.

ஊரில் யாராவது பழியை ஏற்க வேண்டும் என்று பேசினால் நீ முன்னால் போய் நிற்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

நாலு பொய்க் கரடிகளைக் கழித்தால் மீதி மூன்று பெண் கரடிகள். இரண்டு நன்றாக இருந்திருக்கின்றன, அதில் ஒன்றில் கரு தங்கிய அடையாளமும் இருக்கிறது. மூன்றை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வால்ரஸ் முனைக்காரி பொய் இல்லை. ஐந்து உறையில் எதைத் திறந்தாலும் அவள் அந்தக் கோடை முழுக்கப் பட்ட பாடுதான் இருக்கிறது. நான் அவளை ஐந்தாக எண்ணியது தப்பு. ஒன்றாகவாவது எண்ண வேண்டும்.

அந்தக் கடிதத்துக்குப் பின் உன்னிடமிருந்து எதுவும் இன்னும் வரவில்லை. அங்கே புயலாம். அதற்காகக் காத்திருக்காமல் இதை அனுப்புகிறேன்.

துலுகாக்

*

நுவுக்
5 டிசம்பர் 2013

அண்ணா,

தம்பி என்று எழுதலாம்.

ஒரே விமானத்தில் உன் கடிதம் இங்கே இறங்கிற்று, என் கடிதம் அதில் ஏறிப் போயிற்று. வாரியத்தில் இருபதாம் தேதி நடந்ததைச் சங்கத் தலைவர் வந்து சொன்னார். முதலில் என் தாளை வாசித்தார்களாம்: தப்பு முழுக்க ஐப்பிலிக்குடையது, துலுகாக் நிரபராதி. அடுத்து உன் தாள்: தப்பு முழுக்கத் துலுகாக்குடையது, ஐப்பிலிக் நிரபராதி. வாரியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இவங்க ரெண்டு பேரும் யாரு?" என்று கேட்டாராம். "அண்ணன் தம்பிங்க" என்றாராம் நம் ஆள். "அதுல ஒன்னு பொம்பளையாச்சே?" "ஆமா, அதுதான் அண்ணன்." கூட்டமே சிரித்துவிட்டதாம்.

சீட்டு பழையபடி பன்னிரண்டு, இந்த வருடத்துக்கு. அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்களாம். நாத்தார் பையன் பெயர் குலுக்கலில் வந்துவிட்டது. போன சனிக்கிழமை கரடி கிடைத்தது, ஆண். அவனும் அவன் அப்பனும் உறையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரே உறை, அதன்மேல் ஏழு பெயர். கழுத்தில் வெட்டிய ரோமம், ரத்தம் படவில்லை. உன் ஆய்வுக்கூடத்தில் இப்போது யார் கழுவுவார்கள் என்று தெரியாததால் அதை ஐஸ்பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். நாபாச்சியிடம் நன்றாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேலை போனதற்கு வருத்தப்படுகிறேன். உன் அம்மா நீ வருகிறாய் என்று அறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். நீ வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. வந்தால் மார்ச்சுக்கு முன்னால் வா, குன்றில் பனி இறுகியிருக்கும்.

இனி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரேடியோவில் நான் சொன்னதில் பாதி பொய். ஐந்து பேரையும் தனித்தனியாக அனுப்பச் சொன்னது நான்தான், அது உண்மை. பங்குக்காரன் எல்லோரும் அனுப்பலாம் என்பதும் நம் வழக்கம்தான். ஆனால் ஃபிளாஸ்க்கில் எனக்கு என்ன ஆசை? என் வீட்டில் மூன்று இருக்கிறது.

நீ தெற்கே போன முதல் வருடம், உறை ஒவ்வொன்றும் வந்து சேர்ந்ததும் அனுப்பியவனுக்குக் கையால் ஒரு கடிதம் எழுதுவாய். என் உறைக்கு வந்ததெல்லாம் என்னிடம் இருக்கிறது. ஒன்றில் இங்கே மழை என்று மட்டும் எழுதியிருந்தாய், அதையும் வைத்திருக்கிறேன். போன வருடம் என் கைக்கு ஒரு கரடிதான் வந்தது. ஒரு கரடிக்கு ஒரு உறை, ஒரு உறைக்கு ஒரு கடிதம். வருடம் முழுக்க ஒரே ஒரு கடிதம் போதவில்லை, அண்ணா. அதனால் தோல் உரித்து முடித்ததும் அந்த நாலு பேரிடமும் பேசிக்கொண்டேன்: ஆளுக்கு ஒரு உறை அனுப்புங்கள், ஃபிளாஸ்க் உங்களுக்கு, துலுகாக் எழுதும் கடிதத்தை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

ஜனவரியில் ஐந்தும் வந்தன. நாத்தார் தன்னுடையதைப் பிரிக்காமலே கொண்டுவந்து கொடுத்தான். ஐந்திலும் ஒரே மாதிரி அச்சடித்த நன்றித் தாள். கீழே உன் கையெழுத்தும் அச்சில் இருந்தது. நாபாச்சி ஐந்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேனா மை எங்கேயாவது தொட்டிருக்கிறதா என்று தேடினாள்.

இதை ரேடியோவில் சொல்லவில்லை. வாரியத்துக்கும் சொல்லவில்லை.

உன் தம்பி,
ஐப்பிலிக்